அழகும் உன்னதமும்: கொழும்பில் இருந்து படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

அழகு என்றால் என்ன, கடலைப் பார்த்தால் ஏன் வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது, இதைப் பற்றித் தத்துவக்காரர்கள் என்னதான் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்போமே என்று இறங்கி ஏழு மாதத்தை வீணாக்கியவன் நான். கான்ட் என்ற ஜெர்மன் தத்துவக்காரரின் புத்தகத்தை முதல் பக்கத்தில் திறந்தேன், முன்னுரையிலேயே மூழ்கினேன். வெளியே வந்தபோது அழகு என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல். பிறகு வரிசையை மாற்றிப்போட்டுத் தொடங்கினேன், ஆறு சனிக்கிழமைகளில் வேலை முடிந்தது. நீங்கள் அந்த ஏழு மாதத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

வேலைக்குப் போய்வந்து, வார இறுதியில் இரண்டு மூன்று மணிநேரம் ஒதுக்கக்கூடியவருக்காக எழுதுகிறேன். தத்துவம் முன்பு படித்திருக்க வேண்டியதில்லை. உயர்தரத்தில் அளவையியல் எடுத்தவர்களுக்கு ஒரு சின்ன அனுகூலம் இருக்கலாம், அவ்வளவுதான். சுமாராக ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும்.

1. முதலில் சொற்களைச் சரிசெய்யுங்கள்

இதைத் தாண்டிக் குதித்துப் போனதுதான் என் முதல் தவறு. நம் பாடசாலைகளில் அழகியல் என்றால் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம், இந்தப் பாடங்களில் ஒன்று. இங்கே அழகியல் என்பது வேறு: ஒன்றை அழகு என்று சொல்லும்போது நமக்குள் என்ன நடக்கிறது என்ற விசாரணை. படம் கீறத் தெரியாதவரும் செய்யலாம்.

உன்னதம் இன்னும் பெரிய கண்ணி. 'சப்ளைம்' என்ற சொல்லுக்குத் தமிழில் பெரும்பாலும் உன்னதம் என்று போடுகிறார்கள். ஆனால் நாம் உன்னதமான மனிதர், உன்னதமான சேவை என்றெல்லாம் நினைவுமலரில் எழுதிப் பழகியவர்கள், அதனால் அந்தச் சொல்லைக் கண்டதும் மனம் நல்லது, உயர்ந்தது என்ற பக்கம் ஓடிவிடும். இந்த நூல்களில் வரும் உன்னதத்துக்கு நல்லதாக இருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. இடி, இருட்டு, புயல், கரை தெரியாத கடல், எல்லாம் அதில் சேரும். பேரழகு என்று மொழிபெயர்த்துக்கொள்வது அதைவிட மோசம். உன்னதம் அழகின் பெரிய சைஸ் கிடையாது.

இன்னொரு சொல் இருக்கிறது, அதை நான்காம் கட்டம் வரை வைத்திருக்கிறேன்.

2. கையில் என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

புத்தகக் கடைக்கு ஓட வேண்டாம். இறக்குமதியான தத்துவ நூல்களின் இப்போதைய விலையைப் பார்த்தால் உன்னத உணர்வு அங்கேயே வந்துவிடும். உங்களுக்கு வேண்டிய நான்கு எழுத்துகளும் பழையவை, காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசம். டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட, ரசனையின் அளவுகோல் பற்றிய கட்டுரை, எட்மண்ட் பேர்க் அதே 1757இல் வெளியிட்ட, உன்னதம் அழகு பற்றிய விசாரணை நூல், கான்ட் 1790இல் வெளியிட்ட 'கிரிட்டிக் ஒஃப் ஜட்ஜ்மென்ட்', தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அதாவது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைப் பற்றிய பகுதி. பேர்க்கும் கான்ட்டும் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் கிடைக்கும், தொல்காப்பியம் மதுரைத் திட்டத்தில். பேர்க்கைத் தேடும்போது கவனம்: அவருடைய தொகுப்பு நூல்கள் பன்னிரண்டு பாகங்கள், உங்களுக்கு வேண்டியது முதல் பாகத்தில் இருக்கிறது. நான் பன்னிரண்டையும் இறக்கி டேட்டாவை முடித்துவிட்டு நின்றேன்.

போனில் வாசிக்காதீர்கள். தேவையான பகுதிகளை மட்டும் அச்செடுங்கள். எனக்கு எல்லாமாக நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் கூட வந்தது. வெள்ளவத்தையில் நான் போன கடையில் பக்கம் 10 ரூபாய், ஸ்பைரல் போட 250. ஆக மொத்தம் 1,300 ரூபாய்க்குள். கடையில் இருந்த அக்கா தாள்களை அடுக்கிக்கொண்டே, “தம்பிக்கு என்ன சோதனை வருது?” என்று கேட்டார். சோதனை ஒன்றும் இல்லை, சும்மா வாசிக்க என்றேன். பாவம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு இரண்டு பக்கக் காசைக் குறைத்தார்.

புதிய மொழிபெயர்ப்புகளையும் விளக்க நூல்களையும் புரட்டிப் பார்க்க நூலகம் வேண்டும். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் உள்ள கொழும்பு பொது நூலகம் ஒன்று, வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இன்னொன்று. முதலாவதற்குப் போகும் தெருவின் பெயரே கலைத் தத்துவம் எழுதிய கொழும்புக்காரர் ஒருவரின் பெயர்தான், அவரைப் படிக்க ஆசை வரும், ஆறு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கத்துவ விதியும் கட்டணமும் ஒவ்வொரு இடத்திலும் வேறுபடும், போக முன்னர் ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். எங்கே போனாலும் இவற்றை எடுத்துச் செல்லுங்கள்: தேசிய அடையாள அட்டை, அதன் போட்டோகொப்பி, விலாசத்தைக் காட்ட மின்சாரப் பில் அல்லது தண்ணீர்ப் பில். போர்டிங்கில் இருக்கிறவர்கள் கவனியுங்கள், பில் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். இதனால் ஒரு நூலகத்துக்கு நான் மூன்று தடவை அலைந்தேன்: முதல் நாள் கொப்பி இல்லை, இரண்டாம் நாள் பில் என் பெயரில் இல்லை, மூன்றாம் நாள்தான் கிராம உத்தியோகத்தரிடம் வாங்கிய வதிவிடச் சான்றிதழோடு போய்ச் சேர்ந்தேன். அந்தச் சான்றிதழுக்கு அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அது நான்காவது அலைச்சல்.

3. ஹியூம், பிறகு பேர்க் (முதல் மூன்று வாரம்)

ஹியூமின் கட்டுரை இருபது பக்கம் சொச்சம். ஒரே இருப்பில் முடியும். அவர் எடுக்கும் கேள்வி நம் வீட்டுக் கேள்விதான்: ஆளுக்கொரு ரசனை என்று விட்டுவிடுகிறோம், ஆனால் சில பாட்டு நல்ல பாட்டு, சில பாட்டு குப்பை என்றும் அடித்துச் சொல்கிறோம், இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்தும்? அதில் வரும் வைன் கதையைத் தவறவிடாதீர்கள். ஒரு பீப்பாய் வைனைச் சுவைத்த இருவரில் ஒருவர் லேசாகத் தோல் வாடை என்கிறார், மற்றவர் லேசாக இரும்பு வாடை என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், பீப்பாய் காலியானதும் அடியில் தோல்வாரோடு ஒரு சாவி கிடக்கிறது. அம்மா ரசத்தை நாக்கில் வைத்துவிட்டு “பெருங்காயம் பழசு” என்று சொன்ன வீட்டில் வளர்ந்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அப்படிப்பட்ட நாக்கு உள்ளவரை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு ஹியூம் ஐந்து தகுதி சொல்கிறார்: தெளிந்த புத்தி, நுண்ணிய உணர்வு, பழக்கம், ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம், பாரபட்சமின்மை. ஐந்தையும் கொப்பியில் எழுதி வையுங்கள், கான்ட்டிடம் போகும்போது இதோடு சண்டை பிடிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பேர்க். இவரை வாசிப்பது சுகம், அத்தியாயங்கள் சில அரைப் பக்கம்தான். நூல் ஐந்து பகுதி. முதலாம் பகுதியை மேலோட்டமாக, இரண்டாம் மூன்றாம் பகுதிகளை ஆறுதலாக, நான்காம் பகுதியை விட்டுவிட்டு, ஐந்தாம் பகுதியை நேரமிருந்தால். நான்காவதில் நரம்பு இறுகுகிறது, தளர்கிறது என்று உடம்பை வைத்துக் காரணம் சொல்லப் பார்க்கிறார், இப்போது அது யாருக்கும் உதவாது.

பேர்க்கின் பிரிப்பு இது. அழகானவை சிறியவை, வழவழப்பானவை, மெல்ல மெல்ல மாறுபவை, மென்மையானவை; அவற்றின் மேல் நமக்கு வருவது பிரியம். உன்னதமானவை பெரியவை, கரடானவை, இருண்டவை, தெளிவில்லாதவை, வலிமை மிக்கவை. அவற்றின் அடியில் இருப்பது பயம். அளவுப் பொருத்தம்தான் அழகு என்ற பழைய கொள்கையை அவர் உடைக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. அன்னத்தின் கழுத்து நீளம் வால் குட்டை, மயிலுக்குக் கழுத்து குட்டை வால் நீளம், இரண்டும் அழகு, அப்படியானால் எந்த அளவு சரியான அளவு என்று கேட்கிறார். முருகன் கோயில் வாசலில் மயிலைப் பார்த்து வளர்ந்தும் எனக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை.

இருட்டு பற்றி அவர் சொல்வதை வாசித்துவிட்டு கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு ஒரு மாலை போய் வாருங்கள். பழைய கோயில்கள் ஏறக்குறைய எல்லாமே இருட்டாக இருந்தன என்று பேர்க் எழுதுகிறார், இருட்டு பயபக்தியைக் கூட்டும் என்பது அவர் எண்ணம். அங்கே கருங்கல் மண்டபத்தின் வெயில் படாத குளிர்ச்சியில் நடந்து, தூரத்தில் ஒரு விளக்கில் மட்டும் தெரியும் மூலஸ்தானத்தை நோக்கிப் போகும்போது அவர் எதைச் சொல்ல வந்தார் என்பது காலுக்கே தெரியும். பிறகு ட்யூப்லைட்டும் டிஜிட்டல் போர்டும் போட்ட ஏதாவது ஒரு கோயிலுக்கும் போங்கள். எந்தக் கோயில் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆட்கள் எல்லோரும் தங்கள் காலத்து வெள்ளைக்கார ஆண்கள். நான் விட்டுவிடச் சொன்ன நான்காம் பகுதியில் பேர்க் கறுப்பு நிறத்தையே அச்சத்தோடு முடிச்சுப்போடும் ஓரிடம் இருக்கிறது, கண் பார்வை கிடைத்த சிறுவனைப் பற்றிய கதையில். கான்ட் 1764இல் எழுதிய சின்னப் புத்தகம் ஒன்று இருக்கிறது, எளிதாக இருக்கிறதே என்று பலர் அதில் தொடங்குகிறார்கள். அதன் கடைசிப் பகுதியில் இனங்களைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் நமக்கு ரத்தம் கொதிக்கும், பெண்களைப் பற்றி எழுதியதும் அப்படித்தான். அதில் தொடங்காதீர்கள். பேர்க்கின் நான்காம் பகுதியைப் புரட்டும்போது அந்த இடம் கண்ணில் பட்டால் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள்.

4. கடலுக்கு எப்போது போவது

பேர்க்கையும் கான்ட்டையும் இணைக்கும் பாலம் இங்கேதான், அதனால் இதை வாசிப்பின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, காலிமுகத்திடலிலும் வெள்ளவத்தைப் பக்கமும் கடல் கொந்தளிக்கும் காலம் அதுதான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல். ஜனவரி, பெப்ரவரியில் போனால் கடல் குளம்போல் இருக்கும், அழகுக்கு நல்லது, உன்னதத்துக்கு வீண். போயா நாளும் ஞாயிறு மாலையும் தவிருங்கள், பட்டமும் இறால் வடையும் கூட்டமுமாக இருக்கும், தத்துவம் ஓடாது. வார நாளில் ஐந்தரை மணிக்குப் போய் நில்லுங்கள்.

எங்கே நிற்பது என்பது முக்கியம். வெள்ளவத்தையில் ரயில் பாதை கடலோரமாகவே ஓடுகிறது, அலையைப் பார்த்துக்கொண்டு தண்டவாளத்தில் நடக்க வேண்டாம், அலை இரைச்சலில் ரயில் கேட்காது. இதைச் சொல்வது பாதுகாப்புக்காக மட்டும் இல்லை. ஆபத்து மிக நெருங்கிவிட்டால் அது வெறும் பயங்கரம், சற்றுத் தூரத்தில் இருந்தால்தான் அதில் ஒருவகை இன்பம் உண்டு என்பது பேர்க்கின் அடிப்படைக் கருத்து. கான்ட்டும் அதையே சொல்வார்: தொங்கும் பாறை, இடிமேகம், எரிமலை, பொங்கும் கடல், நாம் பத்திரமான இடத்தில் இருக்கும்வரை எவ்வளவு பயங்கரமோ அவ்வளவு இழுக்கும்.

எங்கள் ஒழுங்கையில் கல்முனையில் இருந்து வந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் அவரையும் கூப்பிட்டேன். “நீ போட்டு வா, எனக்குக் கடல் வேண்டாம்” என்றார். 2004 டிசம்பர் 26 அன்று அவர் அங்கே இருந்தவர் என்பது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டும் கூப்பிட்டிருக்கிறேன். அந்தப் “பத்திரமான இடம்” என்ற சொல்லை அதற்குப் பிறகு என்னால் வேகமாக வாசித்துக் கடக்க முடியவில்லை. கொழும்பில் கரையில் நிற்கும் எனக்கு அந்த இடம் இருக்கிறது. இருபது வருடம் ஆகியும் அவருக்கு இல்லை.

இப்போது நான் வைத்திருந்த சொல். நாம் அழகு என்று பேச்சில் சொல்வது குறைவு, வடிவு என்போம். வடிவான பிள்ளை, வடிவான சாறி, வடிவாப் படி, வடிவாப் பார். வடிவு என்றால் உருவம், எல்லை, ஒழுங்கு. கான்ட்டின் 23ஆம் பகுதியில் வரும் வேறுபாடு அப்படியே இதுதான்: இயற்கையில் அழகு பொருளின் வடிவத்தைப் பற்றியது, வடிவம் என்றால் எல்லை, உன்னதமோ வடிவமே இல்லாத பொருளிலும் தோன்றலாம், எல்லையின்மை அதில் தெரிந்தால். நான் மாதக்கணக்கில் ஆங்கிலத்தில் முட்டிமோதிய வாக்கியம் எங்கள் வீட்டுக் குசினிப் பேச்சில் கிடந்தது. வாசிக்கும்போது அழகு என்று வருகிற இடத்தில் வடிவு என்றும், உன்னதம் என்று வருகிற இடத்தில் வடிவுக்குள் அடங்காதது என்றும் மனதில் போட்டுப் பாருங்கள். பாதி சிக்கல் அவிழும்.

5. கான்ட் (நான்காம், ஐந்தாம் வாரம்)

முன்னுரையைத் தொடாதீர்கள். இரண்டாம் பாதியையும் தொடாதீர்கள், அது இயற்கையின் நோக்கம் பற்றிய வேறு கதை. இலவசமாகக் கிடைப்பது பெர்னார்டின் 1892 மொழிபெயர்ப்பு, வாக்கியங்கள் நீளம், ஆனால் சமாளிக்கலாம். முட்டும் இடத்தில் நூலகத்தில் புளூகர் 1987இல் செய்ததையோ, கையரும் மாத்யூஸும் 2000இல் செய்ததையோ தேடி அந்தப் பக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள். பகுதி எண்கள் எல்லாப் பதிப்பிலும் ஒன்றே, அதனால் பக்க எண்ணை மறந்துவிட்டு பகுதி எண்ணைக் குறித்துவையுங்கள்.

வாசிக்க வேண்டியவை: 1 முதல் 9 வரை, பிறகு 23 முதல் 28 வரை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம்.

முதல் கூட்டத்தில் இரண்டு இடம் போதும். இரண்டாம் பகுதியில் ஒரு அரண்மனை: அது அழகா என்று கேட்டால், இதெல்லாம் ஊரார் பார்த்து வாய்பிளக்கக் கட்டியது, ஏழைகளின் வியர்வை என்று பதில் சொல்லலாம், எல்லாம் சரியாகவும் இருக்கலாம், ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்கிறார். அந்தப் பொருள் உங்களுக்கு வேண்டுமா, உதவுமா, இருக்க வேண்டுமா என்பதை எல்லாம் ஒதுக்கிவைத்து வெறுமனே பார்ப்பதில் வரும் இன்பம்தான் அழகு. போர்ட் சிற்றியைப் பார்த்துக்கொண்டு இதை முயன்றேன், ஒருபோதும் முடியவில்லை, கடன்தான் கண்முன் வந்தது. ஏழாம் பகுதியில் கனரி வைன்: அது எனக்கு இனிமை என்று சொல்லலாம், ஆனால் ஒன்று எனக்கு அழகு என்று சொல்வது சிரிப்புக்குரியது, அழகு என்றால் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறோம். இங்கே ஹியூமை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஹியூமுக்கு நல்ல நாக்குள்ளவர்களின் தீர்ப்பே அளவுகோல். கான்ட்டுக்கு எத்தனை நிபுணர் சொன்னாலும் நீங்களே பார்த்து உங்களுக்கு அந்த இன்பம் வராவிட்டால் அது உங்கள் தீர்ப்பு ஆகாது. எனக்கு இன்னும் ஹியூம் பக்கமே சாய்வு.

உன்னதத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: அளவில் பெரியது, வலிமையில் பெரியது. முதலாவதைப் புரிந்துகொள்ள 26ஆம் பகுதியில் பிரமிட் உதாரணம் வரும். மிக அருகில் நின்றால் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மேலே போகும்போது கீழே பார்த்தது நழுவிவிடும், மிகத் தூரத்தில் நின்றால் அது சின்ன உருவம், இரண்டுக்கும் நடுவில் நின்றால்தான் மனம் முழுவதையும் ஒன்றாகப் பிடிக்க முயன்று தோற்கும். எகிப்துக்கு டிக்கெட் வேண்டாம், தாமரைக் கோபுரம் 350 மீட்டருக்கு மேல். மேலே ஏறக் காசு கொடுக்கத் தேவையில்லை, அடியில் ஒரு தடவை, பேரே வாவிக் கரையில் ஒரு தடவை, தெஹிவளை மேம்பாலத்தில் ஒரு தடவை நின்று பார்த்தால் போதும், செலவு பஸ் காசு.

பெரிய கண்ணி இதற்குள் இருக்கிறது. மனம் தோற்கிறது என்று வாசித்துவிட்டு, ஆகா நாம் எவ்வளவு சிறியவர்கள் என்ற பாடத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நானும் நிறுத்தினேன். கான்ட் சொல்வது அதற்கு அடுத்த படி: கற்பனை தோற்கும் அதே நேரத்தில் முழுமையை, முடிவின்மையை நினைக்க முடிகிற ஓர் ஆற்றல் நமக்குள் இருப்பது தெரியவருகிறது, முதலில் வந்த சங்கடம் அப்போதுதான் இன்பமாகத் திரும்புகிறது. அதனால் உன்னதம் கடலில் இல்லை, பார்க்கிறவர் மனதில் இருக்கிறது என்கிறார். புயலில் பொங்கும் கடலை உன்னதம் என்று சொல்ல முடியாது, அது கோரம் என்று 23ஆம் பகுதியில் நேராகவே எழுதுகிறார். அந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டு வையுங்கள், 28க்கு வரும்போது தேவைப்படும்.

6. தொல்காப்பியம் (ஆறாம் வாரம்)

கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதை முதலில் வாசித்தால் எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது என்ற பெருமையோடு மற்றதை மூடிவைத்துவிடுவோம். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. நீங்கள் பார்க்க வேண்டியது மருட்கை, அதாவது வியப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கில் அது பிறக்கும் என்கிறது நூற்பா, “மதிமை சாலா” என்ற அடைமொழியோடு. அறிவுக்கு முழுதாகப் பிடிபடாத நிலை. பெருமையோடு சிறுமையையும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள், மிகமிகச் சின்னதும் ஒருவகையில் உன்னதம்தான் என்று பேர்க் இரண்டாம் பகுதியில் ஒரு வரி எழுதியிருப்பார், திரும்பிப் போய்த் தேடிப் பாருங்கள்.

ஆனால் மருட்கைதான் உன்னதம் என்று சமன் போட்டுவிடாதீர்கள். பேர்க்கில் அச்சம் உன்னதத்துக்குள்ளேயே இருக்கிறது, தொல்காப்பியத்தில் அச்சம் தனி மெய்ப்பாடு, அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று அதற்குத் தனிக் காரணங்கள். அந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகப் படுகிறது, கல்முனை அண்ணனை நினைத்தால். உரையோடு வாசியுங்கள், பேராசிரியர் உரையோ இளம்பூரணர் உரையோ, நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், பெரும்பாலும் அங்கேயே இருந்து வாசிக்க வேண்டிவரும், ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்குங்கள்.

7. சில்லறை விஷயங்கள்

தேசிய அருங்காட்சியகத்தில் பொலன்னறுவையில் கிடைத்த நடராஜர் வெண்கலம் இருக்கிறது, நூலகத்தில் இருந்து நடந்தே போகலாம், உள்ளூர்க்காரருக்கு டிக்கெட் வேறு விலை என்பதால் அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். கான்ட்டில் 1 முதல் 9 வரை முடித்த அன்றே போவது நல்லது. கடன்வாங்கிய நூலைத் திருப்பிக் கொடுக்கும் திகதியை போனில் அலார்மாகப் போடுங்கள். கான்ட் புத்தகம் தண்டப்பணம் ஏற ஏற இன்னும் கடினமாகும்.

அப்புறம், கடற்கரைக்குத் தாள்களைக் கொண்டுபோனால் ஒரு சொப்பிங் பேக்கில் சுற்றி எடுத்துப் போங்கள். நான் போனது ஜூன் மாதம், 28ஆம் பகுதியைக் கையில் விரித்து வைத்திருந்தேன், பொங்கும் கடல் என்று அவர் எழுதிய வரிக்கு வந்தபோது மதிலைத் தாண்டி ஓர் அலை அடித்தது. மறுநாள் திரும்பவும் அதே கடை. “இன்னும் சோதனை முடியேல்லையா தம்பி?” என்றார் அக்கா. எட்டுப் பக்கம், 80 ரூபாய், இந்தமுறை குறைக்கவில்லை.